கையில் மூன்று சீட்டு

ஒரு விளையாட்டில் உங்கள் பாத்திரத்துக்கு இருபது வித்தைகள் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். வாள் வீசலாம், இருட்டில் பதுங்கலாம், தீ எறியலாம், கூட்டாளியின் காயத்தை ஆற்றலாம். சண்டை தொடங்கும் நேரத்தில் விதி எழுதியவர் வந்து, "இந்தச் சுற்றில் இதில் மூன்றைத்தான் தொடலாம்" என்கிறார். அவர் உங்களிடமிருந்து எதையோ பறித்துவிட்டாரா, இல்லை எதையோ கொடுத்திருக்கிறாரா? விளையாட்டுக் கேள்விதான். ஆனால் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பேச ஆரம்பித்தால், பேச்சு விளையாட்டோடு நிற்பதில்லை.

பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ரோல்பிளேயிங் கேம் என்று இன்று சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அதுதான் மூத்தது. கணினி வேண்டாம். தாள், பென்சில், பகடை, நாலைந்து நண்பர்கள் போதும். ஒருவர் கேம் மாஸ்டர், உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த உலகத்துக்குள் நடப்பார்கள். பேசும்போது எதையும் சொல்லலாம். சண்டை வந்தால் மட்டும் விதிகள் இறுக ஆரம்பிக்கும்: யார் முதலில், எத்தனை அடி நகரலாம், எதைச் செய்யலாம்.

சிரம்பானில் நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமை இரவுகளில் ஆடுகிறோம். லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத் தோட்டங்களில் பிறந்தவர்கள், அல்லது அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகள். பாத்திரங்கள் தமிழில்தான் பேசும். கோபம் வந்தால் மலாய்க்குத் தாவும். நான்தான் கேம் மாஸ்டர். வேலையில் பொறியாளன் என்பதால் எதைப் பார்த்தாலும் அதன் தடைகள் என்ன, நேரம் எங்கே வீணாகிறது என்று கணக்குப் போடும் பழக்கம் உண்டு.

எங்கள் சண்டைகளில் நேரம் ரொம்பவே வீணானது. கணக்கு எளிது. ஐந்து வீரர்கள், ஒவ்வொருவரும் தன் முறையில் யோசிக்க நான்கு நிமிடம். ஒருவர் பகடையை உருட்டிவிட்டால் மறுபடி தன் முறை வர மற்ற நால்வரின் பதினாறு நிமிடம், எதிரிகளுக்காக நான் எடுக்கும் நான்கு நிமிடம், ஆக இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. இருபது வித்தை தெரிந்தவர்கள் இருபதையும் பயன்படுத்துவதில்லை. எது அதிகம் அடிக்கும் என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் ஒன்பது சுற்றும் அதையேதான் செய்வார்கள். தாளில் இருபது, கையில் ஒன்று.

அதனால் வித்தைகளைச் சீட்டுகளாக எழுதினோம். ஆளுக்கு இருபது சீட்டுக் கொண்ட ஒரு கட்டு. என்னென்ன சீட்டு என்பதை அவரவரே பொதுப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். சண்டையில் கையில் எப்போதும் மூன்று சீட்டுதான். ஒன்றை ஆடினால் கட்டிலிருந்து ஒன்றை எடுக்கலாம். யோசிக்கும் நேரம் சட்டென்று குறைந்தது. அதைவிட, ஆட்கள் மாறினார்கள். மருத்துவிச்சியாக ஆடும் தோழிக்கு ஒரு சுற்றில் காயம் ஆற்றும் சீட்டே வரவில்லை. கையில் இருந்தது 'பாரம் தூக்கு', 'கத்து', 'விளக்கை அணை'. அவள் விளக்கை அணைத்தாள். இருட்டில் எதிரிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அன்றைய இரவு முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. இருபதும் கையில் இருந்திருந்தால் அந்த விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

இதில் புதுமை எதுவும் இல்லை. 1974இன் விதிப்படி முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே மந்திரம். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து வந்த யோசனை அது. எந்த மந்திரம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும், சொன்னதும் மறந்துபோகும். 1978இல் பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதி, தேவையில்லாத தடைகளைத் தாண்ட நாமே விரும்பி முயல்வதுதான் விளையாட்டு என்று வரையறுத்தார். குழியில் பந்தைப் போடுவதுதான் நோக்கம் என்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாமே, எதற்கு மட்டை? 2020இல் வந்த தன் நூலில் சி. தி. நுயென் இன்னும் ஒரு படி போகிறார். ஓவியர் வண்ணத்தில் வேலை செய்வதுபோல, விளையாட்டை வடிவமைப்பவர் நம் செயல்திறனில் வேலை செய்கிறார் என்கிறார்.

தமிழ் வாசகருக்கு இதைச் சொல்ல சூட்ஸ்கூட வேண்டாம், வெண்பா போதும். வெண்டளை தவறக்கூடாது, ஈற்றடியில் மூன்றே சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றில்தான் முடிய வேண்டும். குறளுக்கு ஏழே சீர். அந்த ஏழுக்குள் அடக்க வேண்டியிருந்ததால்தான் சில சொற்கள் பிறந்திருக்கின்றன. வரம்பு அழகைத் தரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகம் வேறு இடத்திலிருந்து வந்தது. எங்கள் குழுவில் ஒருவன் பழைய விதிப்புத்தகங்களின் ரசிகன். ஒருநாள் சொன்னான்: "கையை மட்டும் ஏன் குறைக்கிற? கட்டையும் குறை. குள்ளர்களுக்கு மந்திரச் சீட்டே கிடையாதுன்னு வை. ஆறாவது நிலைக்கு மேல ஏற முடியாதுன்னு வை. பழைய புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. வரம்புதானே அழகு?"

மருத்துவிச்சியாக ஆடுபவள் லாபு பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான்டா விதி எழுதியிருந்தாங்க. வெட்டுக்காரன் மகன் வெட்டுக்காரன். நல்லவனா இருந்தா தண்டல். அதுக்கு மேல நிலையே கிடையாது. அதுவும் அழகா?"

அவன் சொன்ன தகவல் சரிதான். 1974இன் புத்தகத்தில் குள்ளர் இனப் பாத்திரம் வீரனாக ஆறாம் நிலைவரைதான் ஏற முடியும். ஹாபிட் இனத்துக்கு நான்கு. மனிதனுக்கு மட்டும் எல்லை இல்லை. 1978இல் வந்த புத்தகத்தில் பெண் வீரர்களின் உடல்வலிமைக்கு ஆண்களைவிடக் குறைந்த உச்சவரம்பு அச்சிடப்பட்டிருந்தது. மனிதர்களை மையமாகக் கொண்ட உலகமே தன் விருப்பம் என்று கைகாக்ஸ் காரணம் சொன்னார். சமநிலை என்ற காரணமும் உண்டு: குள்ளர்களுக்கு இருட்டில் கண் தெரியும், அதனால் வேறெங்காவது குறைக்க வேண்டும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இனவாரியான நிலை வரம்புகளை எடுத்துவிட்டது. 2024இன் புத்தகத்தில் 'இனம்' என்று பொருள்படும் பழைய சொல்லே இல்லை. பிறப்பால் வந்த கூடுதல் மதிப்பெண்கள் இப்போது பாத்திரம் வளர்ந்த பின்னணியிலிருந்து வருகின்றன. இத்தனையும் எடுத்த பிறகும் விளையாட்டு இடிந்து விழவில்லை. சமநிலைக்கு இது தேவையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவள் சொன்னதும் சரிதான். ஆங்கிலேயர் காலத்துத் தோட்டத்தை ஒரு விதிப்புத்தகமாக வாசித்துப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வரிசையின் கீழே மரம் வெட்டுபவர்களும் புல் வெட்டுபவர்களும். அவர்களுக்கு மேலே தண்டல், கங்காணி. ஆபீஸில் கிராணி, பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழர் அல்லது மலையாளி. பங்களாவில் வெள்ளைக்காரத் துரை. எந்த இனம் எந்த நிலைவரை என்று எழுதி ஒட்டாத குறைதான். படிப்பு? பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொன்னது. கொட்டகை ஒன்று போட்டு, எழுத்து தெரிந்த ஒருவரை உட்காரவைத்துச் சட்டத்தை நிறைவேற்றிய தோட்டங்கள் நிறைய. அங்கிருந்து மேலே போக ஏணி இல்லை. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அவன் கட்டில் அந்தச் சீட்டுகள் வைக்கப்படவே இல்லை.

ஆக, விடை கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தோம். கையைக் குறைக்கும் வரம்பு நல்லது. கட்டைக் குறைக்கும் வரம்பு கெட்டது. இந்த நொடியில் என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கினால் யோசனை கூர்மையாகும். என்னவாக ஆகலாம் என்பதைச் சுருக்கினால் ஆளே சிறிதாவான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சைக்கிள் இதைக் கவிழ்த்துவிட்டது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் அதன் முக்கியத் தலைவர்களில் ஒருவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் இருந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்தக் கோரிக்கையை எங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள். அவனிடம் சைக்கிள் இருக்கிறது. ஓட்டத் தெரியும். கட்டில் சீட்டு இருக்கிறது. அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் அதை ஆடக்கூடாது. துரை போனதும் மறுபடி ஏறிக்கொள்ளலாம். அதாவது இது கையைக் குறைக்கும் வரம்பு. கட்டில் ஒரு சீட்டும் குறையவில்லை. ஆனாலும் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்கும் அளவுக்கு அது மனிதர்களைச் சுட்டிருக்கிறது. ஆக, கை, கட்டு என்ற பிரிவு மட்டும் போதாது.

அங்கிருந்து நான் ஆடுபுலி ஆட்டத்துக்குப் போனேன். டிராகன் வருவதற்கு ரொம்பக் காலம் முன்பே, வித்தைகளைக் குறைத்து ஒரு சண்டையை வடிவமைப்பது எப்படி என்று நம் ஆட்கள் யோசித்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக் கோயில் தளங்களில் இதன் கட்டம் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். எங்கள் பாட்டி லயத்துத் திண்ணையில் கரித்துண்டால் வரைவார். ஆடுகளுக்குப் பால்மரக்கொட்டை, புலிகளுக்குக் கூழாங்கல். இருபத்து மூன்று சந்திகள், மூன்று புலி, பதினைந்து ஆடு.

புலி ஆட்டைத் தாண்டிக் கொல்லலாம். ஆட்டுக்குக் கொல்லும் வித்தை கிடையவே கிடையாது. பதினைந்தையும் ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும்வரை இறக்கிய ஆட்டை நகர்த்தவும் முடியாது. அதுவரை புலி மட்டும் உலாத்தும். எழுத்தில் பார்த்தால் இதைவிட அநியாயமான விதிப்புத்தகம் இல்லை. ஒரு பக்கம் பிறப்பிலேயே பறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆடிப் பார்த்த எவரும் இதை அநியாயம் என்று சொல்வதில்லை. ஆடுகள் ஒன்றின் பின்னால் ஒன்று நெருங்கி நின்றால் புலிக்குத் தாண்ட இடமில்லை. மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆடு ஜெயித்தது. ஆட்டுக்கு இருப்பது ஒரே வித்தை, இடத்தைப் பிடித்து நிற்பது. வெற்றிக்கு அது போதும்.

அப்படியானால் தோட்டத்து வரம்புக்கும் ஆட்டின் வரம்புக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று, ஆட்டுக்கு ஜெயிக்க வழி இருக்கிறது, அந்த வழி புலிக்கும் தெரியும். தோற்கும் நேரத்தில் புலி வெளியிலிருந்து இராணுவத்தைக் கூப்பிட முடியாது. இரண்டாவது, எனக்கு இதுதான் முக்கியம்: ஓர் ஆட்டம் முடிந்ததும் பாட்டி சொல்வார், "இப்ப நீ புலி எடுத்துக்கய்யா." கட்டம் அதேதான், விதி அதேதான், நாங்கள் இடம் மாறி உட்கார்வோம். ஆட்டின் வரம்பு ஆட்டுக்கு உரியது. பாட்டிக்கோ எனக்கோ உரியதல்ல. துரை எந்தக் காலையிலும் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்ததில்லை.

ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாட்டு நூலில் ஒரு கற்பனைச் சோதனை வருகிறது. நாம் யாராகப் பிறப்போம் என்று தெரியாத திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சமூகத்தின் விதிகளை எழுத வேண்டும். யார் தலையில் விழும் என்று தெரியாதபோதுதான் விதி நியாயமாக வரும் என்பது அவர் வாதம். ஆடுபுலி ஆட்டத்தில் திரை தேவைப்படுவதில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் போதும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. அவ்வளவு தொல்லை எதற்கு, எல்லோருக்கும் எல்லாச் சீட்டையும் சமமாகக் கொடுத்துவிட்டால் என்ன? 2008இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பு ஏறக்குறைய அதைச் செய்தது. வீரனோ மந்திரவாதியோ, எல்லோருக்கும் ஒரே அட்டவணை: எப்போதும் செய்யக்கூடியவை இத்தனை, சண்டைக்கு ஒருமுறை இத்தனை, நாளுக்கு ஒருமுறை இத்தனை. மந்திரவாதி மட்டும் ஆட, வீரன் வேடிக்கை பார்க்கும் பழைய நிலை மாறியது. ஆனால் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பலர் சலித்துக்கொண்டார்கள். பதினைந்து ஆட்டையும் புலியாக்கினால் கட்டத்தில் ஆட்டமே இருக்காது. எனக்குப் புரிந்தவரை, நியாயம் வேண்டுமென்றால் சீட்டுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. எந்தச் சீட்டும் எவருக்கும் பிறப்பால் பூட்டப்படாமல் இருந்தால் போதும்.

இன்னொரு வாதம் எங்கள் வீடுகளுக்குள்ளேயே கேட்கும். கஷ்டத்தில் வளர்ந்ததால்தான் அந்தக் காலத்து ஆட்கள் உறுதியாக இருந்தார்கள், எல்லாம் கிடைத்த நீங்கள் சோம்பேறிகள். இது வரம்புக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கும் வாதம். பாட்டியின் கையை நினைத்துப் பார்க்கிறேன். பால்மரத்தின் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் அதிகமானால் உள்ளிருக்கும் வளர்திசுவில் காயம் பட்டு மரம் முடிச்சுப் போட்டுவிடும். இதை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொரு நாளும் செய்தார். அந்தத் திறமை பாட்டியுடையது. அவருக்கு வேறு வேலை தராத விதிப்புத்தகம் அதில் பங்கு கேட்க முடியாது. வெண்பா எழுதும் புலவர் நாளை ஆசிரியப்பா எழுதலாம், மறுநாள் எழுதாமலே இருக்கலாம். பாட்டிக்கு அந்த மறுநாள் வரவில்லை.

விதி எழுதியவர் எங்கே இருக்கிறார் என்பதும் இதில் சேர்கிறது. எங்கள் ஆட்டத்தில் விதி எழுதுபவன் நான். ஆனால் நானும் அதே மேசையில், அதே நாசி லெமாக்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "இது சரியில்லை அண்ணே" என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம். தோட்டங்களின் விதிகள் பல லண்டன் கம்பெனி அலுவலகங்களில் முடிவாயின. அங்கே முடிவெடுத்தவர்கள் பிரட்டுக்களத்தில் நின்று தங்கள் பெயர் கூப்பிடப்படுவதைக் கேட்டவர்கள் அல்ல. குள்ளர்களின் கட்டைக் குறைக்கும் யோசனையை அன்று வாக்கெடுப்புக்கு விட்டோம். சொன்னவனே எதிராகக் கை தூக்கினான். அடுத்த கதையில் அவன் குள்ளனாக ஆடப்போவதாக ஏற்கனவே சொல்லியிருந்தான்.

எங்கள் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், செண்டாயான் பக்கம் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. எங்களில் சிலர் மேலே வந்துவிட்டோம். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பொறியாளனானேன். மிச்சமிருக்கும் லயங்களில் இப்போது பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் இயந்திரத்தின் அருகில் நிற்பவர்களில் பலர் நேபாளிகள், வங்காளிகள். அவர்களுடைய வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளியோடும் துறையோடும் கட்டப்பட்டது. பக்கத்துத் தொழிற்சாலையில் நல்ல சம்பளம் என்று தெரிந்தாலும் எழுந்து போய்விட முடியாது.

இயந்திரத்தின் திரையில் யார் எந்தப் பொத்தானைத் தொடலாம் என்று அமைப்பது என் வேலைகளில் ஒன்று. இயக்குபவருக்கு மூன்று: தொடங்கு, நிறுத்து, உதவி கேள். தொழில்நுட்பருக்கு இன்னும் சில. என் கடவுச்சொல்லுக்கு எல்லாமே திறக்கும். மூன்று பொத்தான் என்பது பாதுகாப்புக்காக. அதில் தவறில்லை, அதை நான் மாற்றப்போவதும் இல்லை. அவசரத்தில் ஒருவர் கண் முன்னால் முப்பது பொத்தான் இருந்தால் கை போய்விடும். அது கையைக் குறைக்கும் நல்ல வரம்பு.

ஆனால் நாலு வருடமாக அந்த மூன்று பொத்தானோடு நிற்கும் ஒருவருக்கு, இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லத் தெரிகிறது. தொழில்நுட்பருக்கான பயிற்சிப் பட்டியலில் அவர் போன்றவர்களின் பெயர் வருவதில்லை. யாரும் தடை என்று எழுதவில்லை, வருவதில்லை, அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் மேலாளரிடம், "இந்தப் பட்டியலை யார் போடுறது?" என்று கேட்டேன். "வழக்கமா நீங்க என்ஜினியருங்கதானே கொடுப்பீங்க" என்றார். அடுத்த பட்டியல் மார்ச் மாதம் போக வேண்டும். முதல் வரியில் யார் பெயர் என்று எழுதிவிட்டேன்.